பதினேழாவது இதழின் கடைசிப் பக்கம்

திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால்
கடலைக்காரருக்குக் கடதாசி விற்கிற கடை.
தராசுத் தட்டில்
வங்கிப் பேரேடு, சோதனைத்தாள், யாரோ வீட்டுக் கலண்டர்.
இடுக்கிலிருந்து ஒரு கையுறை
விரல் விரித்து என்னைக் கூப்பிட்டது.

‘நீலக் கையுறை’, இதழ் பதினேழு.
தொண்ணூறு காசு என்ற அச்சின் மேல்
இரண்டு ரூபா இருபத்தைந்து சதமென்று
ஊதா முத்திரை.
கடல் கடந்த கூலி.

நான் அச்சகத்தில் வேலை செய்கிறவன்.
எந்த அட்டையிலும் முதலில் தெரிவது பிழைதான்.
சிவப்புத் தகடு அரை மில்லிமீற்றர் நகர்ந்துவிட்டது:
நாயகியின் உதட்டுச் சாயம் கன்னத்தில்.
வில்லனின் ரத்தம்
காயத்துக்கு முன்னமே வந்து காத்திருக்கிறது.
இதே பிழையை நான் விட்டால்
முதலாளி குணபாலசிங்கம்
ஒரு கிழமைச் சம்பளத்தில் கை வைப்பார்.
இங்கே அதற்குத்தான் காசு கொடுக்கிறேன்.

உள்ளே கறுப்பு மட்டும்.
ஆனால் என்ன கறுப்பு!
மழையை வரைந்தவன் தூரிகையை நனைக்கவில்லைப் போல,
காய்ந்த மயிரால் இழுத்த கோடுகள்,
ஒவ்வொன்றும் ஒவ்வோர் அவசரத்தில் விழுகின்றன.
துறைமுகக் காட்சியில் விளக்கை அவன் வரையவேயில்லை.
வெளிச்சம் எட்டாத இடமெல்லாம் மை தீட்டி
மிச்சத்தை விளக்கென்று விட்டுவிட்டான்.
கதை, பேய்க்கதை.
படத்துக்கு நான் அடிமை.

இராமபாணப் பூச்சி
பன்னிரண்டாம் பக்கத்தில் நுழைந்து
இருபதில் வெளியேறியிருக்கிறது.
வழிச் சாப்பாடு:
ஒரு பொலிஸ்காரனின் காது,
ஒரு ‘ஆ’,
இரண்டு ஆச்சரியக்குறி.

கடைசித் தாள் இல்லை.
அந்த இடத்தில், சோற்றுப்பசையால் ஒட்டிய
கணக்குக் கொப்பி ஒற்றை.
நீலப் பேனையில் ஆறு கட்டங்கள்.
கீழே: த. யோகமலர், 8 பி.

யோகமலரின் துப்பறிவாளனுக்குக் கார் இல்லை,
பெற்றோல் இல்லையாக்கும்.
சைக்கிள் மிதிக்கிறான்.
கரியரில் மரக்கறிச் சாக்கு மாதிரி வில்லன்.
ஒரு கையில் கையுறை,
மற்றதில் ஜாம்போத்தல் விளக்கு.
நாலாம் கட்டம் முழுக்கக் கிறுக்கிய நீலம்.
மூலையில் சின்னதாய், ‘கறண்ட் இல்லை’.
பேனை குத்திய துளைகளால் வெளிச்சம் வருகிறது.
நட்சத்திரமென்று நினைத்துக் குத்தினாளோ,
கோபமோ.

எட்டு வருஷம் கழித்து
பாசையூர் மரியநேசனிடம் முழுப் பிரதி இருந்தது,
பொலித்தீன் உறையில், வேப்பிலை போட்டு.
என்னுடைய மூன்று தீபாவளி மலர்களைக் கேட்டான்.
கொடுத்தேன்.

உண்மையான கடைசிப் பக்கம்:
விலங்கு பூட்டுகிறார்கள்.
‘நீதி வென்றது’ என்கிறான் ஒருவன்.
பாதிப் பக்கத்துக்குப் பல்பொடி விளம்பரம்.
மழை வரைந்த கை அலுத்துவிட்டது;
சூரியனைக்கூட கவராயம் வைத்துத்தான் சுழற்றியிருக்கிறது.

“அப்ப உந்தக் கிழிசலை எனக்குத் தாவன்” என்றான் மரியநேசன்.
வேப்பிலையைப் பற்றிக் கதைத்தேன்.

ஒரு ராத்திரி, முதலாளி போன பிறகு,
யோகமலரின் தாளை அச்சகக் கமராவில் வைத்துப் பார்த்தேன்.
மங்கின நீலத்தை அது காணாது. தெரிந்ததுதான்.
ஃபிலிமில் விழுந்தது துளைகள் மட்டும்.

அதிலிருந்து,
அடிக்க வருகிற ஒவ்வொரு அழைப்பிதழிலும்
பெயர்களை இரண்டு முறை வாசிக்கிறேன்.
போன வெள்ளி ஒன்று வந்தது,
மகனின் கலியாணம், மண்டபம் கோண்டாவில்.
தாய் பெயர் க. யோகமலர்.
‘க’ தானே என்று
புரூவ் திருத்தி, முந்நூறு அடித்து, கட்டிக் கொடுத்துவிட்டேன்.

புருஷன் வந்தால் முதலெழுத்து மாறும் என்பது
வீட்டில் சைக்கிளைச் சாத்தும்போதுதான்
மண்டையில் உறைத்தது.